சிறுநீர் அடித்துக்கொண்டு போகும்போது கிருமி மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது?

நல்ல கேள்வி. சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை பாக்டீரியா. அதன் உடம்பெங்கும் மெல்லிய புரத இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஃபிம்ஹெச் என்ற புரதம் உண்டு. சிறுநீர்ப்பையின் உட்சுவர் செல்களின் மேல் மேனோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. ஃபிம்ஹெச் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், சிறுநீர் வேகமாக இழுக்க இழுக்க இந்தப் பிடி இன்னும் இறுகும். இழுவிசையில் ஃபிம்ஹெச்சின் வடிவமே மாறி, சர்க்கரையைக் கெட்டியாகக் கவ்விவிடும். ஓட்டம் நின்றால் பிடி தளரும். கிருமி நகர்ந்து வேறு இடம் பார்க்கலாம். இழையும் சுருள் கம்பி போல நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். ஒட்டியபின் சில கிருமிகள் செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகும். தொற்று திரும்பத் திரும்ப வர இதுவும் ஒரு காரணம்.

நம் உடலும் சும்மா இல்லை. சிறுநீரகம் சுரக்கும் யூரோமோடுலின் என்ற புரதத்திலும் மேனோஸ் உண்டு. கிருமி ஏமாந்து அதைப் பிடித்தால், சிறுநீரோடு வெளியே போய்விடும்.

சரி, அப்படியானால் மேனோஸ் பொடியைச் சாப்பிட்டால் போதாதா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் பிரிட்டனில் நடத்தி 2024-ல் வெளியான பெரிய ஆய்வில், தினமும் அதைச் சாப்பிட்டவர்களுக்கும் போலி மருந்து சாப்பிட்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்குமுன் யோசியுங்கள்.