இங்க்பெர்ரி ஏன் காய்க்கவில்லை?

கேள்வி: வேலியோரம் மூன்று இங்க்பெர்ரி செடிகள் வைத்து நான்கு வருடமாகிறது. பூக்கின்றன, காய்ப்பதில்லை. அடிப்பக்கமும் மொட்டையாகிவிட்டது. பக்கத்து வீட்டார் இதைக் கால்பெர்ரி என்கிறார். இரண்டும் ஒன்றா?
– வாசகி, நியூஜெர்சி

பதில்: ஒன்றுதான். ஐலெக்ஸ் கிளாப்ரா என்ற, ஹாலி இனத்துப் புதர்ச்செடி இது, உங்கள் மாநிலத்தில் இயற்கையாகவே வளர்வது. பழம் மை போலக் கறுத்திருப்பதால் இங்க்பெர்ரி, கசப்பதால் கால்பெர்ரி (ஆங்கிலத்தில் 'கால்' என்றால் பித்தம்). ஐலெக்ஸ் கோரியேசியா என்ற இன்னொரு ஹாலியைப் பெரிய கால்பெர்ரி என்பார்கள். அதனால் வாங்கும்போது தாவரவியல் பெயரையே கேளுங்கள். ஜப்பான் ஹாலியும் பார்வைக்கு இதே போலிருக்கும். ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள்: இங்க்பெர்ரிக்கு நுனியருகே மட்டும் ஒன்றிரண்டு பற்கள், ஜப்பான் ஹாலிக்கு ஓரம் நெடுகப் பற்கள்.

ஹாலியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நர்சரியில் ஒரு ரகத்தைத் தண்டு வெட்டி வேர்விடச் செய்தே பெருக்குகிறார்கள். ஆகவே ஒரே ரகத்தில் மூன்று வாங்கினால் மூன்றும் ஒரே பால்தான். ஜூனில் பூவை லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடுவில் கடுகளவு பச்சை உருண்டை புடைத்திருந்தால் பெண். மகரந்தம் ஏந்திய கேசரங்கள் எழுந்து, பூக்கள் கொத்தாக இருந்தால் ஆண். மூன்றும் பெண் என்றால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் ஓர் ஆண் செடி போதும். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை தேனீக்கள், பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளித்துவிடாதீர்கள்.

அடி மொட்டையாவது இந்தச் செடியின் இயல்பு. மேற்பகுதி அகன்று கீழே நிழல் விழுந்தால் இன்னும் மோசமாகும். மார்ச்சில், துளிர் வருமுன், முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். அடுத்த இரண்டு வருடங்களில் மிச்சத்தை வெட்டலாம். அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருக்கட்டும். நரம்பு பச்சையாக நிற்க இலை மட்டும் மஞ்சளானால், மண்ணில் சுண்ணாம்பு கூடிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். சிமென்ட் சுவரோரம் இது அடிக்கடி நேரும். மண்ணின் பி.ஹெச். (அமில, கார அளவு) 4.5 முதல் 6 வரை இருப்பது நல்லது. ஈரத்தை நன்றாகத் தாங்கும்.

கேள்வி: யோப்பான் ஹாலியின் இலையில் தேநீர் போடலாமா? அதன் தாவரவியல் பெயரிலேயே 'வொமிட்டோரியா' (வாந்தி வரவழைப்பது) என்று இருக்கிறதே?
– வாசகர், டெக்ஸஸ்

பதில்: போடலாம். அமெரிக்கத் தென்கிழக்குப் பழங்குடிகள் சடங்கில் இதைக் குடித்து வாந்தியெடுத்ததை ஐரோப்பியர்கள் கண்டதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இலையில் இருப்பது காஃபின், வாந்தி மருந்தல்ல. வறுத்து, வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். ஆனால் அதன் சிவப்புப் பழத்தைத் தின்னக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.