‘நச்சற்ற அரிசி’ என்று பையில் எழுதியிருந்தால் போதுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: சோற்றில் கட்மியம், ஆசனிக், ஈயம் போன்ற பார உலோகங்கள் இருக்கின்றனவா? அவற்றில் ஐந்தை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கடையில் “இயற்கை முறை, நச்சற்றது” என்று எழுதிய ஆட்டக்காரிச் சிவப்பரிசி விற்கிறார்கள். சாதாரண அரிசியின் விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பார உலோகமே இல்லாத அரிசி என்று கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. வாங்கலாமா? (பரந்தன் வாசகி)

பதில்: ருசிக்கு என்றால் வாங்குங்கள். அந்த அரிசிமாவில் அவித்த புட்டுக்கு நானும் அடிமைதான். உலோகத்துக்குப் பயந்து வாங்குவதானால் கொஞ்சம் பொறுங்கள்.

இயற்கை முறை என்றால் இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் போடவில்லை என்பதுதான் அர்த்தம். கட்மியமும் ஆசனிக்கும் மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பவை. நெல் தனக்குத் தேவையான மங்கனீசை உறிஞ்சும் வழியாலேயே கட்மியமும் உள்ளே போய்விடும். சிலிக்கன் போகும் வழியால் ஆசனிக் போகும். வயலுக்குச் சொந்தக்காரர் எந்த முறையில் செய்தார் என்று வேருக்குத் தெரியாது.

இன்னொன்று, பலர் எதிர்பார்க்காதது. ஆசனிக் அதிகமாகத் தங்குவது தவிட்டில். அதனால் ஒரே வயலின் நெல்லைத் தீட்டினால் அளவு குறையும், தவிட்டோடு வைத்திருந்தால் கூடும். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் அசேதன ஆசனிக் (ஆசனிக்கில் கூடுதல் நச்சான வகை) வரையும், தீட்டாததில் 0.35 வரையும் அனுமதிக்கிறது. இதைக் கேட்டுவிட்டுச் சிவப்பரிசியைக் கைவிடவேண்டாம். அதன் நாரும் விற்றமினும் உண்மையானவை. “உலோகமே இல்லை” என்ற பேச்சுக்கு மட்டும் காசு கொடுக்கவேண்டாம் என்கிறேன்.

கடைக்காரரிடம் ஆய்வுகூட அறிக்கையைக் கேளுங்கள். அதில் எந்த மாதிரி, எந்தத் திகதி, எத்தனை மில்லிகிராம் என்று இருக்கவேண்டும். “கண்டறியப்படவில்லை” என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கருவி எவ்வளவு சிறிய அளவுவரை பிடிக்கும் என்பதும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி குறைவு. இரண்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கை உங்கள் கையிலுள்ள பைக்குச் சாட்சி சொல்லாது. அறிக்கையே இல்லாமல் இப்படி விற்கிறார்கள் என்றால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்படி மாதிரி எடுக்கும் அதிகாரமும் உண்டு.

கேள்வி: எனக்கு நாலு ஏக்கர் வயல். ரி.எஸ்.பி. என்ற பொசுபேற்றுப் பசளையில் கட்மியம் இருக்கிறது, நிலம் விஷமாகிவிடும் என்கிறார்கள். பட்டணத்துக் குப்பையில் செய்த கூட்டெருவை லொறியில் மலிவாகக் கொண்டுவந்து இறக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். எதை வாங்குவது? (அக்கராயன் கமக்காரர்)

பதில்: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பயம் அளவுக்கு வந்துவிடும்.

ரி.எஸ்.பி.யில் கட்மியம் இருப்பது பொய்யல்ல. பொசுபேற்றுப் பாறையிலேயே அது இருக்கிறது. கடலடிப் படிவுப் பாறையில் கூட, எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில் குறைவு. எங்கள் எப்பாவலப் பாறை இரண்டாவது வகை. ஆனால் அது மண்ணில் மெதுவாகத்தான் கரையும். மூன்றரை மாத நெல்லுக்கு அது கரைந்து வருமுன் அறுவடை முடிந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் வைத்திருக்கும் எல்லை, பசளையிலுள்ள ஒரு கிலோ பொசுபரசு ஐந்தொட்சைட்டுக்கு (பசளையின் பொசுபரசுச் சத்தை அளக்கும் கணக்கு இது) 60 மில்லிகிராம் கட்மியம். 50 கிலோ ரி.எஸ்.பி. பையில் அந்தச் சத்து 23 கிலோ இருக்கும். அப்படியானால் எல்லையை முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பையிலும் கட்மியம் ஏறக்குறைய 1.4 கிராம்தான். ஒரு ஏக்கரில் உழவு படும் மேல்மண் எட்டு, எட்டரை இலட்சம் கிலோ வரும். ஒரு பை அந்த மண்ணில் கூட்டுவது கிலோவுக்கு 0.0016 மில்லிகிராம். நூறு பை போட்டால் 0.16. போகத்துக்கு ஏக்கருக்கு அரைப் பை போட்டு, காலபோகமும் சிறுபோகமும் செய்பவர் நூறு பையை எட்ட நூறு வருடம் வேண்டும். மறுபக்கம், போன கட்மியம் மண்ணைவிட்டு இலேசில் போகாது. ஆகவே தேவைக்கு மேல் ஒரு பிடியும் வேண்டாம். மண்ணில் ஏற்கெனவே பொசுபரசு போதுமானால் அந்தப் போகம் ரி.எஸ்.பி.யைக் குறைக்கலாம், காசும் மிச்சம். அதை மண்பரிசோதனை சொல்லும்.

இப்போது லொறிக்காரருக்கு வருவோம். அவருடைய கூட்டெருவில் கிலோவுக்கு ஒரே ஒரு மில்லிகிராம் கட்மியம் இருக்கிறது என்று வையுங்கள். ஏக்கருக்கு இரண்டு தொன் போட்டால் 2 கிராம் கட்மியம் போய்ச் சேரும். ரி.எஸ்.பி. பையைவிட அதிகம், அதுவும் ஒரே போகத்தில்! கூட்டெருவின் சேதனப் பொருள் கட்மியத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும் என்பது உண்மை. ஆனால் பட்டணத்துக் குப்பையில் பற்றறி, பெயின்ற் தகரம், குழல்விளக்கு எல்லாம் சேர்ந்தே வரும். ஈயமும் அதோடு வரும். பரிசோதனை அறிக்கை இல்லாத பட்டணத்துக் கூட்டெருவை நான் என் வீட்டுக் கத்தரிக்கும் போடமாட்டேன்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது சேதனப் பசளை என்ற பெயரில் என்னென்ன வந்து இறங்கியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பசளை விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. லொறிக்காரரிடம் முதலில் அதைக் கேளுங்கள். அப்புறம் விலையைப் பேசலாம்.

வெளியிலிருந்து ஒன்றும் வாங்காமல் செய்யக்கூடியது: சூடடித்தபின் வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே பரப்பி உழுதுவிடுங்கள். உங்கள் வயலில் இருந்தது உங்கள் வயலுக்கே திரும்புகிறது, புது உலோகம் எதுவும் வருவதில்லை. உமிச் சாம்பலிலுள்ள சிலிக்கன், நெல்லுக்குள் போகும் ஆசனிக்கையும் குறைக்கக்கூடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. வயலில் தண்ணீர் நின்றால் கட்மியம் மண்ணில் அடங்கிக் கிடக்கும், ஆசனிக் அவிழும். வயல் காய்ந்தால் நேர்மாறு. கட்மியம் கூடிய இடங்களில் யப்பான் கமக்காரருக்குச் சொல்லப்படுவது, கதிர் வரும் நேரத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று கிழமை தண்ணீர் வற்றவிடாதே என்பது. எந்த உலோகம் கூட என்று பரிசோதித்து அறியாமல் இதில் ஒரு பக்கம் சாய வேண்டாம்.

கேள்வி: எங்கள் பக்கம் சிறுநீரக நோய் அதிகம். சொந்த வயல் அரிசியை விற்றுவிட்டு இறக்குமதி அரிசி வாங்கிச் சாப்பிடுவது நல்லதா? (செட்டிகுளம் வாசகர்)

பதில்: வேண்டாம். இறக்குமதி அரிசி எந்த மண்ணில் விளைந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் வயலையாவது தெரியும்.

உலக சுகாதார நிறுவனமும் இலங்கை அரசும் சேர்ந்து செய்து 2013இல் வெளிவந்த ஆய்வு, உணவுவழி வரும் கட்மியத்தை இந்த நோய்க்கு ஒரு காரணியாகச் சந்தேகித்தது. அதை மறுத்த ஆய்வாளர்களும் உண்டு. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, வெயிலில் போதிய தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பலதும் பேசப்படுகிறது. ஆகவே அரிசியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல. சுருட்டு, பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள். புகையிலையும் கட்மியத்தை இழுக்கும் செடிதான். வீட்டுப் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள், இரும்பு குறைந்த உடல் கட்மியத்தைக் கூடுதலாக உள்ளிழுக்கும்.

சமையலில் கட்மியம் பெரிதாகப் போகாது. ஆசனிக் போகும். ஒரு பங்கு அரிசிக்கு ஆறு பங்கு அல்லது அதற்கு மேல் தண்ணீர் விட்டு அவித்துக் கஞ்சி வடித்தால் அசேதன ஆசனிக்கில் 40 முதல் 60 வீதம் வரை குறையலாம். அம்மாமார் விறகடுப்பில் செய்தது இதைத்தான், ரைஸ் குக்கர் வந்துதான் வடிப்பதை மறக்கடித்தது. ஆனால் வடித்ததை உப்புப் போட்டுக் குடித்தால் போனது திரும்பி வந்துவிடும். குடிக்க ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த தண்ணீர் வாங்குபவர் உலைக்கும் அதையே வையுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு மூன்று வேளையும் அரிசிமாக் கஞ்சி கொடுக்கிறேன். பிழையா? (முள்ளியவளை)

பதில்: அரிசி பிழையில்லை, மூன்று வேளையும் அரிசியே என்பதுதான் பிழை. குழந்தை உணவுக்கான அரிசிக்கு ஐரோப்பாவில் அசேதன ஆசனிக் எல்லை கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், பெரியவர்களுக்கானதைவிடக் குறைவு. ஒரு வேளை குரக்கன், ஒரு வேளை பயறு அல்லது உழுந்து என்று மாற்றுங்கள். செலவும் கூடாது.

கேள்வி: மண்ணில் குத்தினால் பார உலோகத்தைக் காட்டும் என்று ஒரு சின்ன மீற்றரை விற்கிறார்கள். போர்க்காலத்தில் செல் விழுந்த காணி எங்களுடையது, அதனால் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். (புதுக்குடியிருப்பு)

பதில்: வாங்காதீர்கள். அப்படிக் குத்திப் பார்க்கும் மீற்றர்கள் ஈரத்தையும், நல்லதென்றால் அமிலத்தன்மையையும் காட்டும். கட்மியத்தையோ ஈயத்தையோ காட்டா. மண்ணை அமிலத்தில் கரைத்து ஆய்வுகூடத்தில் அளந்தால்தான் தெரியும். கிளிநொச்சியிலுள்ள பிராந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்திலும், அறிவியல் நகரிலுள்ள யாழ் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் விசாரியுங்கள். காசு கொடுத்துச் செய்விப்பதானால் கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. நாலைந்து வீட்டார் சேர்ந்தால் செலவு தாங்கும்.

சன்னத்திலுள்ள ஈயம் பெரும்பாலும் மண்ணோடேயே நிற்கும், நெல்மணிக்குக் குறைவாகவே ஏறும். கூடுதல் ஆபத்து தூசியிலும், அங்கே விளையாடும் பிள்ளைகளின் கையிலும். பழைய பற்றறியை உடைத்து ஈயம் எடுத்த இடம் வளவுக்குள் இருந்தால் அதைத்தான் முதலில் பரிசோதிக்கவேண்டும். மாதிரியைக் காணியில் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, துருப்பிடித்த மண்வெட்டி படாமல் சுத்தமான பையில் போடுங்கள். அந்தப் பற்றறி இடத்து மண்ணை இதோடு கலக்காமல் தனிப் பையில் கொடுங்கள். தோண்டும்போது வெடிபொருள் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு, இடத்தை அடையாளப்படுத்தி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். மண்பரிசோதனை அதற்குப் பிறகு.