ஆப்-ஆம்ப் சர்க்யூட்டை அலசுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபயரின் கெயின் ரெசிஸ்டர் விகிதம்தான் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது?

ஆப்-ஆம்ப் என்பது பிளஸ், மைனஸ் என்ற இரண்டு இன்புட் கால்களுக்கு இடையிலுள்ள வோல்ட்டேஜ் வித்தியாசத்தைப் பல மடங்கு பெருக்கும் ஐசி. அதை அலச இரண்டே விதிகள். இன்புட் கால்களுக்குள் கரண்ட் போகாது. நெகட்டிவ் ஃபீட்பேக் இருந்தால், அதாவது அவுட்புட்டில் ஒரு பங்கு மைனஸ் காலுக்குத் திரும்பி வந்தால், இரண்டு கால்களும் ஒரே வோல்ட்டேஜில் நிற்கும்படி அவுட்புட் நகர்ந்துகொள்ளும். பிளஸ் கால் கிரவுண்டில் இருப்பதால் மைனஸ் காலும் 0 வோல்ட். அந்த மைனஸ் காலுக்கு 10 கிலோ ஓம் வழியே 0.2 வோல்ட் கொடுத்தால் 20 மைக்ரோ ஆம்பியர் வரும். அது காலுக்குள் நுழைய முடியாது, அவுட்புட்டோடு இணைத்த 100 கிலோ ஓம் வழியாகத்தான் போக வேண்டும். அதில் 2 வோல்ட் இறங்கும். ஆக அவுட்புட் −2 வோல்ட், கெயின் (பெருக்க மடங்கு) −10. ஃபார்முலாவே வேண்டாம்.

கேள்வி: 741 என்ற ஆப்-ஆம்ப் ஐசியின் காலுக்குள் கரண்ட் போகவே போகாதா?

போகும், வழக்கமாக 80 நானோ ஆம்பியர் அளவில். மேலே சொன்ன 20 மைக்ரோவுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. ஆனால் 1 மெகா ஓம் போட்டால் 80 மில்லிவோல்ட் பிழை. அங்கே இன்புட் கரண்ட் மிகக் குறைவான டிஎல்072 ஆப்-ஆம்ப் போடுங்கள்.

கேள்வி: பிளஸ், மைனஸ் கால்களை மாற்றிப் போட்டாலும் கணக்கில் அதே −10 தானே வருகிறது?

நல்ல கேள்வி. கணக்கில் வரும், பிரெட்போர்டில் வராது. மாற்றிப் போட்ட சர்க்யூட்டில் அவுட்புட் −2 வோல்ட்டில் நிற்பதாகவே வைத்துக்கொள்வோம். ஏதோ இரைச்சலில் அது 1.1 மில்லிவோல்ட் ஏறுகிறது. ரெசிஸ்டர்கள் அதில் பதினொன்றில் ஒரு பங்கை, அதாவது 0.1 மில்லிவோல்ட்டை, பிளஸ் காலுக்குக் கொண்டுவரும். 741 அதை 2,00,000 மடங்கு பெருக்கப் பார்க்கும். அவ்வளவுதான், அவுட்புட் சப்ளை எல்லையில் போய் ஒட்டிக்கொள்ளும். சரியாக இணைத்திருந்தால் அதே 0.1 மில்லிவோல்ட் மைனஸ் காலுக்கு வந்து, அவுட்புட்டைக் கீழே இழுத்திருக்கும். இரண்டாம் விதியைத் தொடும் முன் ஃபீட்பேக் எந்தக் காலுக்குப் போகிறது என்று பாருங்கள்.

கேள்வி: நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் சிமுலேட்டரில் −10 தான் காட்டுகிறது!

காட்டும். ஐடியல் மாடலுக்கு நேரம் என்பதே கிடையாது. சமன்பாட்டைத் தீர்த்துவிட்டுப் போய்விடும். அந்த விடை நிலைக்குமா என்று அது கேட்பதில்லை. நிஜ ஐசியின் மாடலைப் போட்டு, டிரான்சியன்ட் (நேரம் போகப் போக என்ன நடக்கிறது என்று காட்டும் கணக்கு) ஓட்டி, இன்புட்டைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். அப்புறம் சண்டை போடலாம்.

கேள்வி: 9 வோல்ட் பேட்டரி, எல்எம்358 ஆப்-ஆம்ப், இன்வெர்ட்டிங். அவுட்புட் பூஜ்யத்திலேயே கிடக்கிறது.

மைனஸ் சப்ளையே இல்லாமல் அவுட்புட் மைனஸுக்கு எப்படிப் போகும்? பிளஸ் காலை 4.5 வோல்ட்டில் வைத்து, சிக்னலைக் கெப்பாசிட்டர் வழியாகக் கொடுங்கள்.

கேள்வி: என் அவுட்புட் 14 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஐசி போய்விட்டதா?

ஃபீட்பேக் எந்தக் காலுக்கு? மேலே படியுங்கள்.

கேள்வி: 741 வைத்து எஃப்எம் சிக்னலைப் பெருக்கலாமா?

1 மெகாஹெர்ட்ஸ் வாக்கிலேயே அதன் கெயின் ஒன்றுக்கு இறங்கிவிடும், எஃப்எம் அதற்கும் வெகு மேலே. ரேடியோ ஆட்களிடம் கேளுங்கள்.