எத்தனை முறை மன்னிப்புக் கேட்பது?

சென்ற இதழில், 19ஆம் நூற்றாண்டு லித்துவேனியாவில் தோன்றிய முசார் என்னும் யூத ஒழுக்க இயக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்கள் பலர் தங்கள் வீட்டுச் சிக்கல்களையே கேள்விகளாக்கி அனுப்பியிருக்கிறார்கள். சமயக் கொள்கை பற்றிக் கேட்டவர்கள் குறைவு, "இந்த இடத்தில் அந்த நூல்கள் என்ன செய்யச் சொல்லும்?" என்று கேட்டவர்களே அதிகம். அந்த வரம்புக்குள் நின்றே பதில் சொல்கிறேன்.

எனக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. கோபம் வந்தால் மனைவி, பிள்ளைகள் என்று பாராமல் கத்திவிடுகிறேன், பிறகு வருந்துகிறேன். இந்த வயதில் குணத்தை மாற்ற முடியும் என்று அந்த இயக்கத்தார் உண்மையிலேயே நம்பினார்களா?
— வாசகர், ஈரோடு

நம்பினார்கள், ஆனால் எளிது என்று சொல்லவில்லை. யூதர்களின் சட்ட விவாதப் பெருநூலான தால்முட் முழுவதையும் கற்று முடிப்பதைவிட ஒரே ஒரு குணத்தைத் திருத்துவது கடினம் என்பது, அந்த இயக்கத்தைத் தொடங்கி 1883இல் மறைந்த ரபி (யூத சமய ஆசிரியர்) இஸ்ரவேல் சலாந்தர் கூறியதாக வழங்கிவரும் வாக்கு. கடினம் என்று தெரிந்ததனால்தான் அவர் நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல் பயிற்சி முறை ஒன்றைத் தேடினார். மெனாகெம் மெண்டல் லெஃபின் என்னும் அறிஞர் 1808இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்று, சலாந்தரின் வட்டத்தாரால் 1840களில் வில்னாவில் மறுபதிப்புச் செய்யப்பட்டது. பொறுமை, ஒழுங்கு, மௌனம், உண்மை எனப் 13 குணங்களைத் தேர்ந்து, வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, அன்றன்று அதில் தவறியதைக் குறித்துவைக்க வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. இந்த முறைக்கு மூலமாக அமைந்தது, அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின் தமக்கென வகுத்துக்கொண்ட அட்டவணை. சமயத்துக்கு வெளியே இருந்து வந்தது என்பதற்காக அந்த ரபிகள் அதை ஒதுக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கோபத்தைப் பற்றி 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் தனியாகவே பேசுகிறார். ஏனைய குணங்களில் நடுவழியே நல்வழி என்று கற்பிக்கும் அவர், செருக்கிலும் சினத்திலும் மட்டும் நடுவழி போதாது, மறு ஓரத்துக்கே போய்விட வேண்டும் என்கிறார். வீட்டாரைக் கண்டிக்க வேண்டிய நேரத்தில்கூட முகத்தில் சினத்தைக் காட்டலாமே தவிர உள்ளம் கலங்கக் கூடாது என்பது அவர் விதி. ஆகவே, "இனிக் கோபப்பட மாட்டேன்" என்ற பெரிய உறுதிமொழியைத் தாங்கள் எடுக்க வேண்டாம் என்பேன். இரவு உணவு வேளையில் குரலை உயர்த்துவதில்லை என்ற ஒன்றை மட்டும் ஒரு வாரம் கடைப்பிடித்து, தவறிய நாளை ஒரு தாளில் குறித்துவாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உணவுக்கு முன் கை கழுவும் சடங்கில் சலாந்தர் மிகக் குறைந்த அளவு நீரையே பயன்படுத்தினார் என்றும், காரணம் கேட்டபோது அந்த நீரைச் சுமந்து வருபவள் வேலைக்காரப் பெண் அல்லவா, என் பக்திக்கு அவள் தோள் வலிக்க வேண்டுமா என்றார் என்றும் ஒரு செய்தி உண்டு. தாம் பொறுமை பழகும் நாள்களில் வீட்டார் அனைவரும் அரவமின்றி நடமாட வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆண்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அப்பா காலமானபின் பாகப்பிரிவினையில் தங்கைக்குச் சேர வேண்டியதில் ஒரு பகுதியை நானே வைத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து மனம் உறுத்தவே, இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னும் எத்தனை முறை போக வேண்டும்?
— வாசகர், மதுரை

எண்ணிக்கை கேட்டிருக்கிறீர்கள், அந்த மரபு எண்ணிக்கையே தருகிறது. ஆனால் அதற்கு முன் ஒரு செய்தி தங்கள் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

யூதர்களின் ஆண்டில் மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர். நாள் முழுதும் உண்ணாமல், பருகாமல் கடவுளிடம் பாவமன்னிப்பு வேண்டும் நாள் அது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் அந்த நாளைப் பற்றிய பகுதி, மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பிழைகளை அந்த நாள் தீர்க்கும் என்றும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான பிழைகளை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும் வரை அது தீர்க்காது என்றும் தெளிவாகப் பிரிக்கிறது. இதை விரித்துரைக்கும் மைமோனிடிஸ், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாலேயே கடன் தீர்ந்துவிடாது, நேரில் போய் மனம் ஆறச் செய்து மன்னிப்பும் கேட்க வேண்டும் என்கிறார். திருப்பிக் கொடுப்பது என்பது அங்கே தொடக்கப் படி. அதைச் செய்யாமல் வாசலில் நின்றால், தங்கை மன்னிக்க மறுக்கிறார் என்று சொல்ல முடியாது. தமக்குரியதை இன்னும் எதிர்பார்த்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

கொடுத்த பிறகும் அவர் மனம் இரங்காவிட்டால், நண்பர்கள் மூவரை உடன் அழைத்துச் சென்று கேட்க வேண்டும். மறுத்தால் இரண்டாம் முறை, பிறகு மூன்றாம் முறை. அதன் பின்னும் மறுத்தால் விட்டுவிட்டுப் போகலாம். பழி மன்னிக்க மறுத்தவரைச் சேரும். பாதிக்கப்பட்டவர் தம் ஆசிரியராக இருந்தால் மட்டும் இந்த வரம்பு இல்லை. ஆயிரம் முறையானாலும் போகத்தான் வேண்டும். மூவரை ஏன் அழைத்துப் போக வேண்டும் என்று பலர் வியப்பார்கள். பங்கு மறுக்கப்பட்டது ஊரறிய நடந்ததென்றால், தவறு என்னுடையது என்ற ஒப்புதல் மட்டும் நான்கு சுவருக்குள் நடப்பது நியாயமாகாது என்பது என் கருத்து. உறவினர் மூவர் முன்னிலையில் "அவள் பங்கை நான் எடுத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள்; தனியாகப் போய்க் கதவைத் தட்டியதைவிட அது பல மடங்கு கனமானது.

காலம் கடத்துவதற்கும் அந்த மரபு இடம் தரவில்லை. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய்ப் பிழையை அறிக்கையிட வேண்டும். பணத்தை வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். மனந்திரும்பியது உண்மைதானா என்பதற்கும் மைமோனிடிஸ் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். அதே பிழையைச் செய்யும் வாய்ப்பு மறுபடியும் கைக்கு வந்து, செய்ய முடிந்தும், அச்சத்தினாலோ இயலாமையினாலோ அல்லாமல் மனம் மாறியதனால் விலகி நிற்பவனே முழுமையாகத் திரும்பியவன். தங்கள் குடும்பத்தில் பிரிக்க வேண்டிய சொத்து இன்னும் ஏதேனும் இருக்குமானால், அந்தத் தேர்வு தங்களுக்காகக் காத்திருக்கிறது.

எங்கள் தெருவில் உள்ள பையனுக்குப் பெண் கொடுக்க எண்ணியவர்கள் என்னிடம் வந்து விசாரித்தார்கள். அவனுக்குக் குடிப்பழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். புறம் பேசக் கூடாது என்று நினைத்து, "நல்ல பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செய்தது சரியா?
— வாசகி, தஞ்சாவூர்

இதே சூழ்நிலையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் சட்ட நுணுக்கத்தோடு ஆராய்ந்திருக்கிறார். இன்றைய பெலாரசில் உள்ள ராதின் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ரபி இஸ்ரவேல் மேயர் ககன், பிறரைப் பற்றிப் பேசுவதன் விதிகளை மட்டுமே தொகுத்து 1873இல் 'கஃபெத்ஸ் கயீம்' என்ற நூலை வெளியிட்டார். பிற்காலத்தில் நூலின் பெயரே அவர் பெயராகிவிட்டது. உண்மையே ஆனாலும் ஒருவரை இழிவுபடுத்தும் பேச்சு விலக்கப்பட்டது என்பது அவர் எடுத்துக்காட்டும் அடிப்படை. "நான் பொய்யா சொன்னேன், நடந்ததைத்தானே சொன்னேன்?" என்ற நம் வழக்கமான சமாதானம் அங்கே செல்லாது.

ஆனால் அவர் வாயை மூடிக்கொள்ளச் சொல்லவும் இல்லை. விவிலியத்தின் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் 16ஆம் வசனம் முன்பாதியில் கோள் சொல்லித் திரியாதே என்கிறது. பின்பாதியில் பிறன் உயிருக்குக் கேடு வரும்போது வாளாவிருக்காதே என்கிறது. இரண்டும் ஒரே வசனத்தில் இருப்பதனால் ஒன்றைச் சாக்கிட்டு மற்றொன்றைக் கைவிட முடியாது. திருமணம், தொழில் கூட்டு போன்றவற்றில் ஒருவர் ஏமாறாமல் காப்பதற்காகச் சொல்லலாம் என்று கூறும் ககன், அதற்கு ஐந்து நிபந்தனைகளை வைக்கிறார். குறை உண்மையிலேயே கேடு தருவதுதான் என்பதை அவசரப்படாமல் ஆய்ந்திருக்க வேண்டும். இம்மியும் மிகைப்படுத்தக் கூடாது. நோக்கம் கேட்பவரின் நன்மையாக இருக்க வேண்டும், பழைய பகை அதில் கலக்கக் கூடாது. வேறு வழியில் அதே நன்மை கிட்டுமானால் பேசக் கூடாது. பேச்சின் விளைவாக அந்த மனிதருக்கு, நியாயமான தீர்ப்பில் வரக்கூடியதைவிடப் பெரிய தீங்கு நேரக் கூடாது.

இவற்றை வைத்துப் பார்த்தால், "கேள்விப்பட்டிருக்கிறேன்" என்பது முதல் நிபந்தனையிலேயே தடுக்கி விழுகிறது. ஒரு கல்யாண வீட்டில் ஒரு நாள் குடித்திருந்ததை யாரோ பார்த்து, அது தெருமுனையைத் தாண்டுவதற்குள் "குடிகாரன்" என்றாகியிருக்கலாம். ஆயினும் "நல்ல பிள்ளை" என்ற நற்சான்றுக்கும் தங்களிடம் ஆதாரம் இல்லை; ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்துச் சொன்ன உபசார வார்த்தை அது. "எனக்கு நேரடியாகத் தெரியாது, பழக்கவழக்கங்களைப் பற்றி அவனோடு வேலை செய்பவர்களிடம் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அவர்களை மறுபடியும் சந்திக்க முடிந்தால் இப்போதும் சொல்லலாம். கேட்பவருக்கும் ஒரு கடமை உண்டு: எச்சரிக்கையாக இருந்துகொள்ளலாம், ஆனால் காதில் விழுந்ததை நிச்சயம் என்று நம்பிவிடக் கூடாது.

இதன் தொடர்ச்சியாக ஒரு கருத்து வேறுபாடு. ஒருவரைப் பற்றி அவர் அறியாமல் அவதூறு பேசிவிட்டோம். பிறகு திருந்தி மன்னிப்புக் கேட்க விரும்புகிறோம். அவரிடம் போய் "உங்களைப் பற்றி இப்படிப் பேசினேன்" என்று சொல்ல வேண்டுமா? சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் ககன். அவரைப் புதிதாகப் புண்படுத்தி நம் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை என்று சலாந்தர் மறுத்ததாகக் கூறுவர். நான் சலாந்தர் பக்கம்.

சனிக்கிழமைகளில் கைபேசியை அணைத்துவைக்க எண்ணியிருக்கிறேன். யூதர்களின் சபாத் தரும் பயன் கிடைக்குமா?
— வாசகி, கோயம்புத்தூர்

ஓரளவு கிடைக்கும். ஆனால் யூதர்களின் வாராந்தர ஓய்வுநாளான சபாத் வெள்ளி மாலை சூரியன் மறையுமுன் தொடங்கிச் சனி இரவு விண்மீன்கள் தோன்றும்வரை நீள்வது. எழுதுவது, தீ மூட்டுவது உட்பட 39 வகை வேலைகளை மிஷ்னா அதில் விலக்குகிறது. அந்த நாள் அமைதியாகக் கழிவதற்குக் காரணம் வெள்ளிக்கிழமை உழைப்புதான். சமையல் முழுவதும் முன்னரே முடிந்துவிடும். தாங்களும் வெள்ளியன்றே கட்ட வேண்டியதைக் கட்டி, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சபாத்தை மீறியே ஆக வேண்டும், அதற்கு எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவும் கூடாது என்பது அம்மரபின் உறுதியான விதி. வயதான பெற்றோர் வேறு ஊரில் தனியாக இருந்தால், அவர்கள் அழைக்க ஓர் எண்ணைத் திறந்தே வையுங்கள்.

அம்மாவுக்கு மறதிநோய் முற்றிவிட்டது. என்னை அடையாளம் தெரியாமல் சில வேளை அடிக்கிறார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அண்ணன் வெளியூரில் இருக்கிறார். காப்பகத்தில் சேர்த்தால் பெற்றவளைக் கைவிட்ட பாவம் சேருமா?
— வாசகர், சென்னை

தந்தையையும் தாயையும் கனம்பண்ணு என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. அது என்ன என்று தால்முட் விளக்கும்போது உணவூட்டுதல், பருகக் கொடுத்தல், உடுத்திவிடுதல், வெளியே அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வருதல் எனச் செயல்களையே அடுக்குகிறது. மனத்தில் அன்பு சுரந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பட்டியலில் இல்லை. களைத்துப்போன பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல் என்று நினைக்கிறேன்.

அதே பகுதியில் அஸ்கலோன் நகரத்துத் தாமா என்னும் யூதரல்லாத ஒருவர் போற்றப்படுகிறார். ரோமானியப் பெருமக்களிடையே அவர் அமர்ந்திருந்தபோது, தாய் வந்து அவர் அணிந்திருந்த பட்டாடையைக் கிழித்து, தலையில் அடித்து, முகத்தில் உமிழ்ந்தாள். அவர் தாயை அவமதித்து ஒரு சொல்லும் பேசவில்லை. இதைப் படித்துவிட்டு, அடியைத் தாங்குவதே கடமை என்று முடிவுகட்ட வேண்டாம். சில வரிகள் தள்ளி, நிறைவேற்ற இயலாதவற்றையே கேட்கத் தொடங்கிய முதிய தாயை விட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்ட ரப் அஸ்ஸி என்ற அறிஞரின் கதையும் வருகிறது. மருத்துவராகவும் இருந்த மைமோனிடிஸ், மனம் பேதலித்த பெற்றோரோடு அவர்கள் நிலைக்கேற்ப நடந்துகொள்ள முயல வேண்டும், தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டால் தகுந்தபடி பார்த்துக்கொள்ளும்படி பிறரிடம் ஒப்படைத்துவிட்டு விலகலாம் என்று தீர்ப்பளித்தார். அவர் காலத்திலேயே பிரான்சின் தென்பகுதியில் வாழ்ந்த ஆபிரகாம் பென் தாவீத் இதைக் கடுமையாக எதிர்த்தார். பிள்ளையே விட்டுப் போய்விட்டால் யாரிடம்தான் ஒப்படைப்பது என்பது அவர் கேள்வி.

இந்த இருவரையும் சேர்த்தே தங்கள் கேள்விக்குப் பதிலாகக் கொள்வேன். ஒப்படைப்பது பாவமன்று; யாரிடம் என்பதை அறியாமல் ஒப்படைப்பது பாவம். காப்பகத்தை முன்னறிவிப்பின்றி வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள். இரவுப் பணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சேர்த்த பின்னும் உணவு வேளையில் போய்த் தங்கள் கையால் ஊட்டிவிட்டு வாருங்கள். செலவைப் பொறுத்தவரை, பெற்றோரிடம் பணம் இருந்தால் அதிலிருந்தே செய்யலாம், இல்லையென்றால் பிள்ளைகள் தர வேண்டும் என்பதே அவர்கள் விதி. அம்மாவுக்கு ஓய்வூதியமோ சேமிப்போ இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். பற்றாக்குறையைத் தாங்களும் அண்ணனும் பகிர்ந்துகொள்வதைச் சேர்க்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.