ஆர்க்டிக் கப்பல் மூழ்கிய கதை: கேள்வி பதில்

கே: ஆர்க்டிக் எப்படி மோதியது? எதிரே வந்த கப்பல் கண்ணில் படவில்லையா?

ப: 1854 செப்டம்பர் 27, நண்பகல் கடந்த நேரம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம், ரேஸ் முனைக்கு 50 மைல் தொலைவில் அடர்ந்த மூடுபனி. லிவர்பூலிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருந்த ஆர்க்டிக் வேகத்தைக் குறைக்கவில்லை. எச்சரிக்கை ஒலியும் எழுப்பவில்லை. இது அன்றைய கேப்டன்களின் பொது வழக்கம். அட்லாண்டிக்கை விரைந்து கடப்பதுதான் ஆர்க்டிக்கை இயக்கிய காலின்ஸ் நிறுவனத்தின் பெருமையே. பனிக்குள்ளிருந்து பிரெஞ்சுக் கப்பல் வெஸ்டா வெளிப்பட்டபோது விலக நேரமில்லை.

கே: வெஸ்டா சிறிய கப்பல்தானே? அது தப்பித்து, பெரியது மூழ்கியது எப்படி?

ப: எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வெஸ்டாவின் முன்பகுதி பிய்ந்துபோனது. பார்த்த ஆர்க்டிக்கின் கேப்டன் லூஸ், அதுதான் மூழ்கப்போகிறது என்று நினைத்து உதவிக்குப் படகை அனுப்பினார். ஆனால் வெஸ்டா இரும்புக் கப்பல். சிதைந்த பகுதிக்குப் பின்னால் நீர்புகாத் தடுப்புச் சுவர் இருந்தது. மாலுமிகள் அதற்கு மெத்தைகளையும் பலகைகளையும் முட்டுக்கொடுத்து, சரக்கைக் கடலில் எறிந்து முன்புறத்தை உயர்த்தி, செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தை அடைந்துவிட்டார்கள். ஆர்க்டிக்கோ மரக்கப்பல், நீர்மட்டத்துக்குக் கீழே துளைகள், உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது. பாய்த்துணியால் அடைக்கப் பார்த்தும் பலனில்லை.

லூஸ் கரையை நோக்கி விரைந்தார். வழியில் வெஸ்டாவிலிருந்து இறங்கியவர்களின் படகு ஒன்று ஆர்க்டிக்கின் துடுப்புச் சக்கரத்துக்குள் அகப்பட்டு நொறுங்கியது. தண்ணீர் ஏறி கொதிகலன் அடுப்புகள் அணைந்ததும் கப்பல் நின்றது. மோதி நான்கு மணி நேரத்துக்குப் பிறகு மூழ்கியது.

கே: ஐயா, பெண்களும் குழந்தைகளும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்பது உண்மையா?

ப: உண்மை. கப்பலில் ஏறத்தாழ 400 பேர். ஆறு படகுகளில் 180 பேருக்குத்தான் இடம். அன்றைய சட்டத்துக்கு அது போதும்! அந்தப் படகுகளையும் மாலுமிகளும் வலுத்த ஆண்களுமே பறித்துக்கொண்டார்கள். பிழைத்தவர்கள் 90க்கும் குறைவு, பெரும்பாலோர் கப்பல் ஊழியர்கள். நிறுவனத்தின் தலைவர் காலின்ஸின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மாண்டார்கள். மரச்சட்டங்களைக் கட்டிச் செய்த தெப்பத்தில் ஏறிய பலரில் மிஞ்சியவர் ஒரே ஒருவர்.

எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. ஸ்டூவர்ட் ஹாலண்ட் என்ற இளம் பயிற்சிப் பொறியாளர் கடைசிவரை அபாயப் பீரங்கியைச் சுட்டுக்கொண்டிருந்தார் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

கே: கேப்டன் தண்டிக்கப்பட்டாரா?

ப: இல்லை. கப்பலோடு மூழ்கிய லூஸ் மேலே மிதந்து வந்தார். அதே நேரம் துடுப்புச் சக்கரத்தை மூடியிருந்த கூட்டிலிருந்து பிய்ந்து எழும்பிய துண்டு அவருடைய மகனைக் கொன்றது. இரண்டு நாள் கழித்து லூஸை வேறு கப்பல் மீட்டது. மாலுமிகள் மீதும் வழக்கு நடக்கவில்லை. எனக்கு அதுதான் ஆறாத கோபம்.

கே: காலின்ஸ் நிறுவனம்?

ப: 1856இல் அதன் பசிபிக் கப்பலும் காணாமல் போனது. 1858இல் மூடிவிட்டார்கள்.