சாக்லெட் பூசிய காப்பிக்கொட்டை ஏன் வியர்க்கிறது, ஏன் வெள்ளை பூக்கிறது?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தீபாவளிக்கு உறவினர்களுக்குக் கொடுக்க, சாக்லெட் பூசிய காப்பிக்கொட்டை செய்தாராம். கோப்பிக் கடைகளுக்குச் சரக்குப் போடுபவரிடம் கொட்டை வாங்கியிருக்கிறார். நல்ல சாக்லெட் பாதி, விலை குறைந்த காம்பவுண்ட் சாக்லெட் பாதி என்று உருக்கிக் கலந்து பூசி, ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறார். வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுத்தது. இரண்டு மூன்று நாளில் மேலே வெள்ளை பூத்தது. கடித்தால் பல் வலிக்கிறது. ஜொகூர் பாருவில் இருக்கும் மகளுக்கும் கொஞ்சம் அனுப்ப ஆசை. வீட்டில் ஏர்கான் படுக்கையறையில் மட்டும்தான். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. கொட்டை, கலவை, ஐஸ்பெட்டி, இந்த மூன்றும்தான் காலை வாரிவிட்டன.

முதலில் கொட்டை. கோப்பிக் கடைக் கொட்டையை சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பார்கள். சீனி கருகி, கொட்டையின் மேல் பாகாக இறுகிவிடும். வடிகட்டிக் குடிக்கும்போது அந்தக் கருகல் மணம்தான் ருசியே. ஆனால் மென்று தின்ன அது ஆகாது. பாகு பல்லுக்குக் கடினம். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈப்போ வெள்ளைக் காப்பிக் கொட்டையில் சீனி கிடையாது என்றாலும் மார்ஜரின் உண்டு. கொட்டையின் மேல் கொழுப்பு படிந்திருந்தால் சாக்லெட் ஒழுங்காகப் பற்றாது. இன்னொன்று, நம் நாட்டில் விளைவது பெரும்பாலும் லிபெரிக்கா என்ற காப்பி வகை. தாழ்நில வெப்பத்தைத் தாங்கும் என்பதால் பால்மரம் (ரப்பர்) வருவதற்கு முன்பே மலாயாத் தோட்டங்களில் நட்ட காப்பி அது. மணம் நன்றாக இருக்கும், ஆனால் கொட்டை பெரிது. ஒரு வாய்க்கு அடக்கமாக வராது.

உங்களுக்கு வேண்டியது எதுவும் சேர்க்காமல் வறுத்த அரபிக்கா வகைக் கொட்டை. நடுத்தர வறுவல், இல்லையென்றால் அதற்குச் சற்றுக் கூடுதல். ஈப்போவில் கொட்டையைத் தாங்களே வறுத்து விற்கும் காப்பிக் கடைகளில் கேளுங்கள். சீனி, மார்ஜரின் இரண்டும் இல்லாதது என்று சொல்லியே கேளுங்கள். எண்ணெய் கசிந்து மினுங்கும் அளவுக்குக் கறுத்தது வேண்டாம். அந்த எண்ணெய் நாளடைவில் சாக்லெட்டுக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள், மொறுக்கென்று உடைய வேண்டும். நமுத்திருந்தால் 100 டிகிரி ஓவனில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, முழுதாக ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

அடுத்து சாக்லெட். வெள்ளை பூத்ததற்குப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கிறது. நல்ல சாக்லெட்டின் கொழுப்பு கொக்கோ வெண்ணெய். காம்பவுண்டில் அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் செம்பனை விதை எண்ணெய் இருக்கும். உங்கள் ஊரைச் சுற்றி நிற்கும் அதே செம்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுப்பது. இந்த இரண்டு கொழுப்பும் ஒன்றாகச் சேர்ந்து இறுகாது. கலந்தால் இளகும், பிறகு வெள்ளை பூக்கும். எனவே ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்கள். பொட்டலத்தின் பின்பக்கம் மலாயில் மெந்தேகா கொக்கோ (கொக்கோ வெண்ணெய்) என்று போட்டிருந்தால் அது அசல் வகை. சாவிட் (செம்பனை) என்ற சொல் தென்பட்டால் காம்பவுண்ட்.

எதை எடுப்பது? ருசிக்கு அசல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். மதியம் 32, 33 டிகிரி அடிக்கும் வீட்டில் அது விறைப்பாக நிற்காது. வீட்டில் வைத்துத் தின்பதற்கு அசல், வெளியே கொடுத்து அனுப்புவதற்கு நல்ல தரமான காம்பவுண்ட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். காம்பவுண்டை உருக்கினால் போதும், நேராகப் பூசலாம்.

அசல் சாக்லெட்டை அப்படிப் பூச முடியாது, பக்குவப்படுத்த வேண்டும். கொக்கோ வெண்ணெய் பல விதமாக உறையக்கூடியது. அவற்றில் ஒன்றுதான் பளபளப்பும் விறைப்பும் தரும். அதை வரவழைக்கும் வழி இது: 200 கிராம் கறுப்புச் சாக்லெட்டில் மூன்றில் இரண்டு பங்கை, கொதித்து அடங்கிய நீரின் மேல் கிண்ணம் வைத்து 45 டிகிரிவரை உருக்குங்கள். இறக்கி, கிண்ணத்தின் அடியைத் துடைத்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லெட் திரிந்து கட்டியாகிவிடும். மீதிப் பங்கைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, 31, 32 டிகிரிக்கு வரும்வரை கிளறுங்கள். பால் சாக்லெட் என்றால் 29, 30 போதும். கேக் சாமான் கடையில் விற்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், கைக்கணக்கு இதில் உதவாது. கத்தி முனையில் தொட்டு வையுங்கள். குளிர்ந்த அறையில் ஐந்து நிமிடத்துக்குள் கோடில்லாமல் இறுகினால் பக்குவம் சரி.

பூசும் வேலையைப் படுக்கையறையில் ஏர்கானை 20, 21 டிகிரியில் வைத்துவிட்டுச் செய்யுங்கள். கூடம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். தொழிற்சாலையில் சுழலும் பாண்டத்தில் குளிர்காற்று ஊதி, அடுக்கடுக்காகப் பூசுவார்கள். வீட்டில் அகலக் கிண்ணம் போதும். 100 கிராம் கொட்டையைப் போட்டு, இரண்டு கரண்டி சாக்லெட் ஊற்றி, இறுகத் தொடங்கும்வரை புரட்டுங்கள். பேக்கிங் தாளில் கொட்டி, ஒட்டியவற்றைப் பிரித்துவிடுங்கள். இறுகியதும் மறுபடி பூசுங்கள். மூன்று நான்கு பூச்சு வந்தால் நல்ல கனம் கிடைக்கும். நடுவில் கிண்ணத்துச் சாக்லெட் கெட்டிப்பட்டால் லேசாகச் சூடு காட்டுங்கள், 32ஐத் தாண்டவிடாதீர்கள். கடைசியில் கொக்கோ தூளில் புரட்டி எடுப்பதை நான் மிகவும் சிபாரிசு செய்வேன். மேடுபள்ளம் மறையும், ஒன்றோடொன்று ஒட்டாது.

ஐஸ்பெட்டி எதற்கு வேண்டாம் என்கிறேன்? நம் ஊர்க் காற்றில் 23, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதை வெளியே வைத்தாலும் ஐஸ்தண்ணி தம்ளர் மாதிரி வியர்க்கும். அந்த ஈரத்தில் சாக்லெட்டின் சீனி கரைந்து, காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். உங்களிடம் மிச்சம் இருப்பதில் ஈர விரலை வைத்துப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்து ஈரத்தில் கரைந்தால் சீனி பூத்தது. வழவழவென்று தேய்த்ததும் மறைந்தால் கொழுப்பு பூத்தது. இரண்டாலும் உடம்புக்குக் கெடுதி இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம். கட்டாயம் குளிரவைக்க வேண்டுமென்றால் இறுக்கமான டப்பாவில் மூடி வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல், டப்பா அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள். ஏர்கான் அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவரும்போதும் இதே முறைதான்.

கொடுக்கும்போது ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். காப்பி குடிக்கும்போது சாறு மட்டும்தான் உள்ளே போகிறது. இதில் கொட்டையே போகிறது. 10 கிராம் அரபிக்காக் கொட்டையில் நூறு மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் இருக்கும், கிட்டத்தட்ட ஒரு கப் காப்பிக்குச் சமம். பெரியவர்களுக்கு ஒரு சிறு கைப்பிடி சரி. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம், அதில் டீயும் காப்பியும் அடக்கம். சிறுபிள்ளைகள் மிட்டாய் என்று அள்ளிவிடுவார்கள், எட்டாத இடத்தில் வையுங்கள். நாய் வளர்க்கும் வீட்டிலும் கவனம். சாக்லெட், கஃபீன் இரண்டுமே அதற்கு விஷம்.

மகளுக்கு அனுப்புவது காம்பவுண்ட் பூசியதாக இருக்கட்டும். காற்றுப் புகாத தகர டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று போட்டு, இரவுப் பேருந்தில் போகிறவர் யாரிடமாவது கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள். பேருந்தின் அடியில் சாமான் அறைக்குள் போட வேண்டாம்.