டெக்சாஸில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போக லைசென்ஸும் பயிற்சியும் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. 2021 செப்டம்பர் 1-லிருந்து, 21 வயசு முடிஞ்ச, சட்டப்படி துப்பாக்கி வச்சிருக்கத் தகுதி உள்ள யாரும் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் செருகிக்கிட்டுப் போகலாம். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனா "தகுதி உள்ள"ங்கிற இடத்தில்தான் நம்மாளுங்க மாட்டிக்கறாங்க.

நீங்க ஐடி வேலைக்கு எச்1பி விசாவில் வந்தவர்னு வச்சுக்கிட்டு எழுதறேன். தப்பா இருந்தா இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. எச்1பி, அவங்க குடும்பத்துக்குத் தர்ற எச்4, மாணவர் விசா எதுவா இருந்தாலும், ஒண்ணு ரெண்டு விலக்கு தவிர, மத்திய சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாது. விலைக்கு வாங்கினாத்தான் குத்தம்னு இல்லை, ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகற இடத்தில், வாடகைக்கு எடுத்துச் சுடறதும் அதில் வந்துடும். செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு. அதை நம்பி இடுப்பில் கட்டிக்கிட்டுத் திரியறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேளுங்க. மாட்டினா 15 வருஷம் வரை ஜெயில், அப்புறம் ஊருக்கு மூட்டை கட்டணும். சனிக்கிழமை ரேஞ்சில் நின்னு ஃபேஸ்புக்கில் போட்டோ போடற பசங்களைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்குது.

கிரீன் கார்டு வந்துட்டா இந்தத் தடை இல்லை. நான் லைசென்ஸ் எடுத்ததும் அதுக்கப்புறம்தான். "பொம்பளைக்கு எதுக்குத் துப்பாக்கி", "அமெரிக்கக்காரியா மாறிட்டா"ன்னு கீழே வந்து எழுதப் போறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடறேன்: நான் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கலை. ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் வேலை. விடிகாலையில் பார்க்கிங் கராஜில் மாடி மாடியா ஒருத்தன் பின்னாலயே வந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க மட்டும் எனக்குப் புத்தி சொல்லுங்க.

லைசென்ஸ் வகுப்பு 4 முதல் 6 மணி நேரம். முன்னெல்லாம் 10 மணி நேரத்துக்குக் குறையாம உட்காரணும், 2013-ல் குறைச்சாங்க. சட்டப் பாடத்தை இப்போ ஆன்லைனிலேயே முடிக்கலாம், சுட்டுக் காட்டறது மட்டும் நேரில். எங்களுக்கு நடத்தினவர் ரிட்டையர்டு ஷெரிஃப் டெபுடி, நம்ம ஊர் போலீஸ்காரர் மாதிரி. துப்பாக்கியைப் பத்தி அவர் பேசினதைவிட, எப்போ எடுக்கவே கூடாது, வாய்ச்சண்டையை எப்படித் தணிக்கறது, வீட்டில் குழந்தை கைக்கு எட்டாம எப்படிப் பூட்டறதுன்னு பேசினதுதான் அதிகம். அது அவரோட நல்ல மனசு மட்டும் இல்லை, பாடத்திட்டமே அப்படித்தான்.

சுடற பரீட்சையில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250-க்கு 175 எடுத்தா பாஸ். எங்க வீட்டுக்காரர் காலேஜில் என்.சி.சி.-யில் .22 ரைஃபிள் சுட்டவர், அந்தப் பெருமையோட வந்தார். பயிற்சி ரவுண்டில் அவர் சுட்டதெல்லாம் டார்கெட்டில் இருக்கிற ஆள் உருவத்தோட வயித்துக்குக் கீழேயே போச்சு. டெபுடி ஒண்ணும் பேசலை. தோட்டா அடுக்கற மேகசினை வாங்கி, நடுவில் ஒரு போலித் தோட்டாவைச் சொருகிக் கொடுத்தார். அதன் முறை வந்ததும் வெறும் 'க்ளிக்', சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, ஆனா துப்பாக்கி மூக்கு சடக்குனு கீழே குனிஞ்சது. வெடிக்கப் போகுதுங்கிற பயத்தில் இவர் கைதான் முன்கூட்டியே அமுக்கியிருக்கு. பரீட்சையில் பாஸ் ஆயிட்டார், ஆனா மார்க் என்னைவிடக் கம்மி. இதை எழுதாதேன்னார், எழுதறேன்.

பக்கத்து லேனில் அகலக் கழுத்து டாப்ஸ் போட்டிருந்த பொண்ணுக்கு, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு கழுத்து வழியா உள்ளே விழுந்துடுச்சு. கொதிக்கிற சூடு. "ஐயோ"ன்னு திரும்பப் போனவளோட மணிக்கட்டை டெபுடி பிடிச்சு, குழலை டார்கெட் பக்கமே நிறுத்தினார். லைசென்ஸ் வேண்டாம், யூட்யூப் போதும்னு சொல்றவங்க அந்த நேரத்தில் யார் கையைப் பிடிப்பாங்களாம்?

கட்டாயம் இல்லாததுக்கு எதுக்குச் செலவுன்னு கேப்பீங்க. விண்ணப்பக் கட்டணம் 40 டாலர்தான், கைரேகைக்கும் வகுப்புக்கும் தனி. பலன் நிறைய. பள்ளிக்கூடத்தைச் சுத்தி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாதுன்னு மத்திய சட்டம் இருக்கு. டெக்சாஸ் லைசென்ஸ் இருக்கிறவங்களுக்கு இங்கே அதில் விலக்கு, லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கறவங்களுக்கு அந்த விலக்கு இல்லை. புறநகரில் பள்ளிக்கூடத்தைத் தாண்டாம எந்த ரோட்டில் போவீங்க? அப்புறம், டெக்சாஸ் லைசென்ஸைப் பல மாநிலங்கள் ஏத்துக்குது. நியூயார்க் ஏத்துக்காது, அங்கே 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடற பயிற்சின்னு தனிக் கதை.

லைசென்ஸ் இருந்தாலும் எல்லா இடத்துக்கும் கொண்டு போக முடியாது. பார் வாசலில் சிவப்பில் 51%னு போர்டு இருந்தா கூடாது, வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கிற மதுவிலிருந்துன்னு அர்த்தம். போஸ்ட் ஆபீஸ் பார்க்கிங்கில்கூடக் கூடாது. 30.06-ங்கிற சட்டப் பிரிவைச் சொல்லி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் போர்டு வச்சிருந்தா மறைச்சும் கொண்டு போகக் கூடாது. எங்க ஆஸ்பத்திரி வாசலிலும் அது இருக்கு, அதனால என்னோடது காரிலேயே பூட்டிக் கிடக்கும். அப்போ கராஜில் காருக்கு நடக்கும்போது கையில் என்ன இருக்கும்னு கேக்காதீங்க. சாவிக்கொத்துதான். இந்த ஓட்டையைப் பத்தி வகுப்பிலேயே கேட்டேன், டெபுடியும் சிரிச்சார்.

இதைவிடப் பெரிய தொல்லை என் பேர். நமக்கு ஏது குடும்பப் பேர்? அப்பா பேர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரே பேர் இருந்ததால விசாவில் முதல் பேர் "எஃப்என்யூ"ன்னு அச்சடிச்சுட்டாங்க, முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம். பெத்தவங்க வச்ச பேர் கடைசிப் பேர் ஆயிடுச்சு. டிரைவிங் லைசென்ஸ், பேங்க், மருந்துக் கடை எல்லா இடத்திலும் என்னை "எஃப்என்யூ மேடம்"னுதான் கூப்பிடறாங்க. துப்பாக்கிக் கடையில், வாங்கறவங்க நிரப்ப வேண்டிய 4473-ங்கிற மத்திய அரசுப் படிவத்தில் அந்தப் பேரையே எழுதினேன், பின்னணிச் சோதனையில் வந்த பதில் "தாமதம்". மூணு வேலை நாளில் பதில் வரலைன்னா கடைக்காரர் விக்கலாம்னு சட்டம் இருக்கு, அவர் "பதில் வரட்டும்"னுட்டார். அவரைக் குத்தம் சொல்லலை. லைசென்ஸ் வந்தப்புறம் கடையில் அந்தச் சோதனையே தேவைப்படலை, படிவம் மட்டும்தான். குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கறவங்க தயவுசெஞ்சு ரெண்டு கட்டத்தையும் நிரப்புங்க. துப்பாக்கி வாங்கறீங்களோ இல்லையோ.

உங்க விசா என்னன்னு கமெண்டில் போடாதீங்க, தனிச் செய்தியில் சொல்லுங்க. கிரீன் கார்டுன்னா, பொறுமையாச் சொல்லிக்கொடுக்கிற ரேஞ்ச் ஒண்ணு ஹூஸ்டன் பக்கம் இருக்கு, விவரம் தர்றேன்.